பொம்மைக் காரை நிறுத்துவது எந்த உராய்வு?

பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு மாணவர், இயற்பியல் துறை

முன்னுரை

சக்கரத்தைக் கண்டறிந்த மனிதன் உராய்வை ஒழித்துவிடவில்லை. அதனை ஓரிடத்திலிருந்து மற்றோரிடத்திற்கு மாற்றி வைத்தான் என்றே கூற வேண்டும். தரையில் இழுபட்டுத் தேய்ந்துகொண்டிருந்த சுமை சக்கரத்தின்மீது ஏறியதும், தேய்மானம் தரையை விட்டு அச்சுக்குக் குடிபெயர்ந்தது. இந்த இடமாற்றத்தை நாம் கருத்தில் கொள்ளாத காரணத்தால்தான், உராய்வைப் பற்றிய சில எளிய வினாக்களுக்கும் நம்மிடம் பாதி விடையே இருக்கிறது.

"வழவழப்பான தளத்தில் பொம்மைக் கார் நெடுந்தூரம் ஓடுகிறது. சொரசொரப்பான தளத்தில் விரைவில் நின்றுவிடுகிறது. காரணம் கூறுக." பள்ளிப் பருவத்தில் இவ்வினாவுக்கு நாம் அனைவரும் விடை எழுதியிருப்போம். "சொரசொரப்பான தளத்தில் உராய்வு அதிகம்" என்று எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். ஆனால் உப்புத்தாள் ஒட்டிய பலகையையும், நான்காக மடித்து விரித்த ஜமுக்காளத்தையும் அருகருகே வைத்து ஒரே காரை இரண்டிலும் ஓடவிட்டுப் பாருங்கள். கையால் தடவினால் உப்புத்தாள்தான் சொரசொரப்பு. ஆயினும் கார் அதன்மீது தடையின்றி உருண்டு செல்லும். மிருதுவான ஜமுக்காளத்தில் சிறிது தூரத்திலேயே நின்றுவிடும். மேற்கண்ட விடை முழுமையானதாக இருந்தால் இவ்வாறு நிகழக் கூடாதல்லவா?

ஆகவே "உராய்வு எவ்வளவு?" என்று கேட்பதற்கு முன், "எந்த உராய்வு? எவ்விடத்தில்?" என்று கேட்க வேண்டியுள்ளது. அதனை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். இதற்கு வேண்டிய கருவிகள் ஒரு பொம்மைக் கார், ஒரு பலகை, ஓர் அளவுகோல், ஒரு துளி எண்ணெய் ஆகியவை மட்டுமே.

உராய்வு விதிகள் வந்த வழி

ஒரு பொருள் மற்றொன்றின்மீது சறுக்கும்போது தோன்றும் எதிர்ப்பை முதன்முதலில் முறையாக ஆராய்ந்தவர்களுள் ஒருவர் இத்தாலிய ஓவியர் லியனார்டோ டா வின்சி. 15-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர் தம் குறிப்பேடுகளில் வரைந்து வைத்த படங்கள் வெளியுலகுக்குத் தெரியாமலே கிடந்தன. 1699-ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு அமாந்தன் இரண்டு விதிகளை வெளியிட்டார். உராய்வு விசை, பொருள் தளத்தை அழுத்தும் விசைக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பது ஒன்று. தொடும் பரப்பின் அளவைப் பொறுத்து உராய்வு மாறாது என்பது மற்றொன்று. செங்கல்லைப் படுக்க வைத்து இழுத்தாலும், பக்கவாட்டில் நிறுத்தி இழுத்தாலும் ஏறக்குறைய ஒரே விசைதான் தேவைப்படும்.

மின்னியலில் நாம் படிக்கும் அதே கூலும் என்ற அறிஞர்தான் உராய்வையும் விரிவாக ஆராய்ந்து, 1781-ஆம் ஆண்டில் பிரெஞ்சு அறிவியல் கழகத்தின் பரிசைப் பெற்றார். மரத்தாலான உருளைகளை உருளவிட்டு உருளல் உராய்வையும் அவர் அளந்தார். உருளையின் விட்டம் பெருகினால் எதிர்ப்பு குறையும் என்பது அவர் கண்ட முடிவுகளுள் ஒன்று.

உராய்வு விசையை அழுத்தும் விசையால் வகுத்தால் கிடைப்பது உராய்வுக் குணகம். இதற்கு அலகு கிடையாது. குணகம் 0.5 என்றால், 100 நியூட்டன் எடையுள்ள பொருளைச் சமதளத்தில் சறுக்கி இழுக்க 50 நியூட்டன் விசை வேண்டும் என்பது பொருள்.

இங்கே ஒன்றைக் குறிப்பிட வேண்டும். சொரசொரப்பு கூடினால் உராய்வும் கூடியே தீரும் என்று விதி எதுவும் இல்லை. கண்ணுக்குச் சமமாகத் தெரியும் பரப்பும் நுண்ணளவில் மேடும் பள்ளமுமாகவே இருக்கும். இரு பரப்புகள் உண்மையில் தொட்டுக்கொள்வது அம்மேடுகளின் உச்சிகளில் மட்டுமே. அங்கே ஏற்படும் ஒட்டுதலை வெட்டிப் பிரிக்கத் தேவைப்படும் விசையே உராய்வின் பெரும்பகுதி என்று பௌடன், டேபர் என்னும் கேம்பிரிட்ஜ் அறிஞர்கள் 1950-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில் விளக்கினர். அதனால்தான் வழவழப்பான ரப்பர், வழவழப்பான கண்ணாடியையும் இறுகப் பற்றிக்கொள்கிறது.

சக்கரத்தின் அடியில் நிகழ்வது என்ன?

இனிப் பொம்மைக் காருக்கு வருவோம். கார் முன்னோக்கிச் செல்கிறது, சக்கரமும் சுழல்கிறது. சக்கரத்தின் உச்சிப் புள்ளி காரைப் போல் இருமடங்கு வேகத்தில் முன்னே பாய்கிறது. அடியில் தரையைத் தொடும் புள்ளியின் வேகம் என்ன? கார் முன்னே செல்லும் வேகமும், சுழற்சியால் அப்புள்ளி பின்னே செல்லும் வேகமும் சமம். ஆகவே நிகர வேகம் சுழியாகும். அதாவது நழுவாமல் உருளும் சக்கரத்தில், தரையைத் தொடும் புள்ளி அக்கணத்தில் ஓய்விலேயே இருக்கிறது. ஈர மணலில் உருண்ட சக்கரத்தின் தடம் இழுபடாமல் அச்சடித்தாற்போல் தெளிவாகப் பதிந்திருப்பது இதற்குச் சான்று.

ஓய்விலிருக்கும் புள்ளியில் செயல்படுவது நிலை உராய்வு. விசை செயல்படும் புள்ளி நகராததால் அவ்விசை வேலை எதுவும் செய்வதில்லை. ஆற்றலும் அங்கே வீணாவதில்லை. தரைக்கும் சக்கரத்துக்கும் இடையிலான பிடிப்பு எவ்வளவு கூடுதலாக இருந்தாலும், அப்பிடிப்பு மட்டுமே காரின் ஆற்றலைத் தின்றுவிடாது. உப்புத்தாளின் புதிர் பாதி அவிழ்ந்துவிட்டது. உப்புத்தாள் நன்றாகப் பிடிக்கும் தளமேயன்றி, ஆற்றலைப் பெரிதும் பறிக்கும் தளம் அன்று.

அப்படியானால் காரின் இயக்க ஆற்றல் எங்கே போகிறது? இரண்டு இடங்களுக்குப் போகிறது.

முதலிடம், அச்சு. சக்கரத்தின் துளைக்குள் அச்சுக் கம்பி தேய்கிறது. இங்கு நடப்பது உண்மையான சறுக்கல். ஆற்றல் வெப்பமாக மாறுவது இங்கேதான். ஆனால் அச்சின் ஆரம் சிறிது. சக்கரத்தின் ஆரம் பெரிது. அச்சில் எழும் உராய்வு தரும் திருப்புத்திறனைச் சமாளிக்க, சக்கரத்தின் விளிம்பில் தரை தர வேண்டிய விசை அந்த ஆரங்களின் விகிதத்தில் குறைந்துவிடுகிறது. ஆகவே காரின் எதிர்ப்பு எண் (எதிர்ப்பு விசையைக் காரின் எடையால் வகுத்தது), அச்சின் உராய்வுக் குணகத்தை "அச்சின் ஆரம் வகுத்தல் சக்கரத்தின் ஆரம்" என்னும் பின்னத்தால் பெருக்கக் கிடைப்பதாகும். அச்சின் விட்டம் 1 மி.மீ., சக்கரத்தின் விட்டம் 10 மி.மீ., அச்சின் உராய்வுக் குணகம் 0.25 எனக் கொள்வோம். அப்போது எதிர்ப்பு எண் 0.025 ஆகும். சக்கரத்தைப் பூட்டி இழுத்தால் இருக்கக்கூடிய எதிர்ப்போடு ஒப்பிட்டால் இது மிகச் சிறியது. சக்கரத்தின் சிறப்பு இந்தப் பின்னத்தில்தான் அடங்கியுள்ளது.

இரண்டாமிடம், தரையின் நெகிழ்வு. ஜமுக்காளத்தின்மீது நிற்கும் சக்கரம் சற்று அமிழ்கிறது. உருளும்போது முன்புறத்து நூலிழைகளை அமுக்கிக்கொண்டே செல்ல வேண்டும். பின்புறத்து இழைகள் நிமிர்ந்து எழுந்து சக்கரத்தைத் தள்ளிவிட்டால் இழந்த ஆற்றல் திரும்பக் கிடைக்கும். ஆனால் அவை சோம்பலாக, சிறிதளவே எழுகின்றன. அமுக்கச் செலவிட்ட ஆற்றலுக்கும் திரும்பக் கிடைத்த ஆற்றலுக்கும் உள்ள வேறுபாடு நட்டம். காந்தவியலில் நாம் படிக்கும் தயக்கம் போன்றதே இது. ரப்பரின்மீது உருளும் எஃகுக் குண்டின் எதிர்ப்பு, ரப்பரில் மசகு தடவினாலும் பெரிதாகக் குறைவதில்லை என்று டேபரும் அவருடன் பணியாற்றியவர்களும் 1950-களில் கண்டறிந்தனர். தேய்ப்பினால் வரும் நட்டமாக இருந்தால் மசகுக்குக் கட்டுப்பட்டிருக்க வேண்டும். கட்டுப்படாததால், நட்டம் ரப்பரின் உள்ளே நிகழ்கிறது என்பது உறுதியாயிற்று.

சோதனை ஒன்று: இரண்டு சாய்வுகள்

ஒரு பலகையின்மீது ஆராய வேண்டிய தளத்தை விரித்துக்கொள்க: வெறும் பலகை, உப்புத்தாள், கோரைப்பாய், சாக்கு, மடித்த ஜமுக்காளம் என்று மாற்றிக்கொள்ளலாம். முதலில் காரின் சக்கரங்கள் சுழலாதபடி ஒட்டுத்தாளால் கட்டிவிட்டுப் பலகையின் மேல் வைக்க வேண்டும். பலகையின் ஒரு முனையை மெல்ல உயர்த்த, ஒரு கட்டத்தில் கார் சறுக்கும். அந்நிலையில் பலகை முனையின் உயரத்தை அடித்தளத்தின் நீளத்தால் வகுத்தால் கிடைப்பது சறுக்கு உராய்வுக் குணகம். கோணம் அளக்கும் வசதி இன்று கைபேசியிலேயே உண்டு. ஆனால் அளவுகோல் ஒன்றே போதுமானது.

பின்னர் ஒட்டுத்தாளை நீக்கிவிட்டு மீண்டும் தொடங்க வேண்டும். இம்முறை பலகையை விரலால் மெல்லத் தட்டிக்கொண்டே உயர்த்துக. கார் வேகம் கூடாமலும் குறையாமலும் உருளும் சாய்வைக் கண்டுபிடித்து, முன்போலவே உயரத்தை நீளத்தால் வகுத்தால் எதிர்ப்பு எண் கிடைக்கும்.

ஒவ்வொரு தளத்துக்கும் இவ்விரு எண்களையும் பக்கம் பக்கமாக எழுதி வைத்தால் ஓர் உண்மை புலப்படும். இரண்டு வரிசைகளும் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. சறுக்கு உராய்வில் முன்னிற்கும் உப்புத்தாள், உருளல் எதிர்ப்பில் பின்தங்கிவிடும். உருளல் எதிர்ப்பில் முதலிடம் பிடிப்பது மடித்த ஜமுக்காளம். ஒரே தளம், ஒரே கார், ஆனால் எண்கள் இரண்டு. பள்ளி விடையில் இவ்விரண்டும் "உராய்வு" என்ற ஒரே சொல்லுக்குள் கலந்துவிட்டன.

சோதனை இரண்டு: ஓடி நிற்கும் தூரம்

பலகையைச் சிறிது சாய்த்து வைத்து, அதன் அடிமுனையில் ஒரு பழைய அஞ்சலட்டையை வளைத்து வைத்துத் தரையோடு இணைக்க வேண்டும். இல்லையேல் இணைப்பில் கார் இடித்து ஆற்றலை இழக்கும். தரை சமமாக இருக்கிறதா என்பதை ரசமட்டத்தால் பார்த்துக்கொள்வது நலம். காரைக் குறிப்பிட்ட உயரத்திலிருந்து தள்ளாமல் விட வேண்டும்.

தொடக்கத்தில் காரிடம் உள்ளது நிலையாற்றல். நிற்கும்போது அது முழுவதும் எதிர்ப்பால் செலவாகியிருக்கும். இரண்டையும் சமப்படுத்தினால், காரின் நிறையும் புவியீர்ப்பு முடுக்கமும் இருபுறத்திலும் அடிபட்டுப் போகின்றன. எஞ்சுவது மிக எளிய சமன்பாடு: எதிர்ப்பு எண் என்பது இறங்கிய உயரத்தைக் கிடைத்தளத்தில் கடந்த மொத்தத் தூரத்தால் வகுத்தது. பலகையின் சாய்ந்த நீளத்தை இதில் எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அதன் நிழல் தரையில் விழும் நீளத்தையே எடுத்துக்கொள்ள வேண்டும். சாய்வில் தூரம் கூடும் அளவுக்குத் தளத்தின்மீதுள்ள அழுத்தம் குறைந்துவிடுவதே காரணம்.

ஓர் எடுத்துக்காட்டுக் கணக்கைக் காண்போம். உயரம் 12 செ.மீ.; மொத்தக் கிடைத்தூரம் 480 செ.மீ. எனக் கொண்டால், எதிர்ப்பு எண் 0.025. பலகையின் நிழல் நீளம் 40 செ.மீ. ஆனால், பலகையைக் கடக்கவே 1 செ.மீ. உயரம் செலவாகிவிடும். மீதமுள்ள 11 செ.மீ. உயரம் சிமெண்டுத் தரையில் 440 செ.மீ. தூரத்தை வாங்கித் தருகிறது. அதே 11 செ.மீ. உயரம், ஜமுக்காளத்தின்மீது 100 செ.மீ. தூரத்தையே தருவதாகக் கொண்டால், அங்கு எதிர்ப்பு எண் 0.11. அதில் அச்சின் பங்கு 0.025, ஜமுக்காளத்தின் நெகிழ்வு எடுத்துக்கொண்ட பங்கு 0.085. ஒரு பலகையும் அளவுகோலும் கொண்டு கண்ணுக்குத் தெரியாத ஒரு நட்டத்தை இரண்டாகப் பிரித்துவிட்டோம்!

12 செ.மீ. உயரத்திலிருந்து இறங்கும் காரின் பெரும வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 1.5 மீட்டர்தான். ஆகவே காற்றின் தடையை இங்கே புறக்கணிக்கலாம்.

சோதனை மூன்று: எண்ணெயும் எடையும்

மேற்கண்ட பிரிவினை சரிதானா என்று எவ்வாறு அறிவது? அதற்கு ஒரு துளி தையல் இயந்திர எண்ணெய் போதும். ஊசி முனையால் அச்சில் தொட்டு வைத்து, மிகுதியைத் துடைத்துவிட வேண்டும். அதற்கு முன் அச்சில் சுற்றியிருக்கும் தலைமுடியையும் நூலையும் எடுத்துவிட வேண்டும். குழந்தைகள் விளையாடிய கார்களில் இவை இல்லாமல் இருப்பதில்லை.

எண்ணெயால் அச்சின் எதிர்ப்பு பாதியாகக் குறைந்தது என வைத்துக்கொள்வோம். சிமெண்டுத் தரையின் நெகிழ்வு மிகவும் குறைவு. அங்கே எதிர்ப்பு ஏறக்குறைய முழுவதும் அச்சினுடையது. ஆகவே மொத்தத் தூரம் 480 செ.மீ.-இலிருந்து 960 செ.மீ.-ஆக இருமடங்காகும். ஜமுக்காளத்தின் மீதோ 100 செ.மீ. என்பது 118 செ.மீ. ஆகும், அவ்வளவே. எண்ணெய் இட்டதும் தூரம் பெரிதும் கூடினால் நட்டம் அச்சில். கூடவில்லையென்றால் நட்டம் தரையில். மருத்துவர் நாடி பார்ப்பது போன்ற சோதனை இது.

எடையை வைத்தும் இதே முடிவுக்கு வரலாம். காரின்மீது சில நாணயங்களை ஒட்டி எடையைக் கூட்டினால், அது சீக்கிரம் நின்றுவிடும் என்று பலரும் எண்ணுவர். கடினமான தரையில் தூரம் ஏறக்குறைய மாறாது. எடை கூடினால் உராய்வு கூடுகிறது. ஆனால் காரின் ஆற்றலும் அதே விகிதத்தில் கூடிவிடுகிறது. ஜமுக்காளத்தில் மட்டும் தூரம் குறையும். ஏனெனில் எடை கூடக் கூடச் சக்கரம் ஆழமாக அமிழ்ந்து, எதிர்ப்பு எண்ணே உயர்ந்துவிடுகிறது.

சொரசொரப்புக்குப் பங்கே இல்லையா என்று கேட்கலாம். உண்டு, ஆனால் அது சக்கரத்தின் அளவைப் பொறுத்தது. உப்புத்தாளின் துகள் 10 மி.மீ. சக்கரத்துக்கு ஒரு பொருட்டன்று. அதே சக்கரம் சிறு சரளைக் கல்லில் மோதினால், ஒவ்வொரு மோதலிலும் ஆற்றலை இழக்கும். பேருந்துச் சக்கரமோ அச்சரளையை உணர்வதே இல்லை.

வணிகத்தில் வென்ற அச்சு

அச்சின் உராய்வு வெறும் ஆய்வகச் செய்தி அன்று. இங்கிலாந்தின் லெஸ்னி நிறுவனம் 1953-இல் தொடங்கிய மேட்ச்பாக்ஸ் வரிசைக் கார்கள், தீப்பெட்டி அளவிலான சிற்றுருவங்களாக உலகப் புகழ் பெற்றன. அவை அழகுக்குப் பெயர் பெற்றவை, வேகத்துக்கு அல்ல. 1968-இல் அமெரிக்காவின் மேட்டல் நிறுவனம் ஹாட் வீல்ஸ் என்னும் பெயரில் 16 வகைக் கார்களை வெளியிட்டது. அவற்றில் மெல்லிய கம்பியே அச்சு. சக்கரம் சுழலும் இடத்தில் டெல்ரின் எனப்படும் வழுக்கும் தன்மையுள்ள நெகிழியைப் பொருத்தியிருந்தனர்.

நம் சூத்திரத்தின்படி இதனைப் பார்த்தால் காரணம் விளங்கும். மெல்லிய கம்பி, ஆரங்களின் விகிதத்தைக் குறைத்தது. டெல்ரின், உராய்வுக் குணகத்தைக் குறைத்தது. இரண்டும் பெருக்குத் தொகையில் உள்ளவையாதலால் பயனும் பெருகியது. வழவழப்பான நெகிழித் தடத்தில் அக்கார்கள் பாய்ந்து ஓடின. போட்டியைச் சமாளிக்க லெஸ்னி நிறுவனம் 1969-இல் மெல்லிய அச்சுடன் கூடிய சூப்பர்ஃபாஸ்ட் வகைகளைக் கொண்டுவர வேண்டியதாயிற்று. ஓரிரு மில்லிமீட்டர் கம்பியின் பருமன் ஒரு தொழிலின் போக்கையே மாற்றியது என்பது எண்ணிப் பார்க்கத்தக்கது.

தானே ஓடும் கார்

இதுவரை கண்டது, விட்டவுடன் உருளும் கார். பின்னே இழுத்துவிட்டால் முன்னே பாயும் கார்களில் கதை வேறு. உள்ளே முறுக்கேறிய வில் பின் சக்கரத்தைச் சுழற்றுகிறது. சக்கரம் தரையைப் பின்னோக்கித் தள்ள, தரை நிலை உராய்வின் மூலம் காரை முன்னோக்கித் தள்ளுகிறது. இங்கே உராய்வுதான் இயக்கும் விசை.

தரைக்கும் சக்கரத்துக்கும் உள்ள குணகம் 0.5 என்றும், காரின் எடையில் பாதி பின் சக்கரங்களின்மேல் உள்ளது என்றும் கொள்வோம். அக்கார் பெறக்கூடிய பெரும முடுக்கம் 0.5 × 0.5 × 9.8, அதாவது 2.45 மீட்டர்/விநாடி². வில் எவ்வளவு வலியதாயினும் இதற்குமேல் பெற இயலாது. தரையில் முகப்பவுடரைத் தூவிக் குணகத்தை 0.1 ஆக்கினால், முடுக்கம் 0.49 மீட்டர்/விநாடி² ஆகக் குறையும். சக்கரம் ஒரே இடத்தில் வீணே சுழலும். சேற்றில் சிக்கிய லாரியின் சக்கரத்தை நாம் கண்டதில்லையா? ஆகவே வழவழப்பான தளமே காருக்கு நல்லது என்ற கூற்று இங்கே தலைகீழாகிறது. தானே ஓடும் காருக்கு வேண்டியது நன்றாகப் பிடிக்கும், ஆனால் அமிழாத தளம். தார்ச்சாலையின் இலக்கணமும் அதுவே: பிடிப்புக்குச் சொரசொரப்பு, உருள்வதற்குக் கடினம்.

தள்ளுவண்டியில் இதே கணக்கு

எங்கள் குடும்பத்தில் கல்லூரிக்கு வந்த முதல் ஆள் நான். தந்தையார் காய்கறித் தள்ளுவண்டி வைத்திருக்கிறார். வண்டி இழுவையாக இருந்தால் அவர் கூறுவது ஒன்றே: "மொதல்ல சக்கரத்தைத் தூக்கிச் சுத்திப் பாருப்பா. நல்லாச் சுத்துனா வண்டி மேல குத்தம் இல்ல, பாதைதான் சரியில்ல." இதனை இயற்பியல் மொழியில் எழுதினால், அச்சின் எதிர்ப்பையும் தரையின் எதிர்ப்பையும் பிரித்தறியும் சோதனை என்று ஆகும். தூக்கிய சக்கரத்தில் சுமை இல்லையாதலால், அச்சின் முழு எதிர்ப்பும் அப்போது வெளிப்படாது என்பது உண்மையே. ஆயினும் அழுக்கும் இறுக்கமும் உடனே தெரிந்துவிடும். பொம்மைக் காரைக் கவிழ்த்துச் சக்கரத்தை விரலால் சுண்டிப் பார்ப்பதும் இதே சோதனைதான்.

சுமையோடு வண்டியின் நிறை 200 கிலோகிராம் என்று கொள்வோம். எடை 1960 நியூட்டன். நல்ல சாலையில் எதிர்ப்பு எண் 0.02 என்றால், தள்ள வேண்டிய விசை ஏறத்தாழ 39 நியூட்டன். அதாவது 4 கிலோகிராம் எடைக்குச் சமம். கட்டட வேலைக்குக் கொட்டிய மணல் தெருவில் பரவிக் கிடக்கும் இடத்தில் அவ்வெண் 0.2 என்றால், விசை 392 நியூட்டன்; அதாவது 40 கிலோகிராம் எடைக்குச் சமம். அங்கே அச்சுக்கு எவ்வளவு எண்ணெய் இட்டாலும் பயன் சிறிதே. சக்கரம் செல்லும் வழியில் இரண்டு பலகைகளை இட்டால் வண்டி நகர்ந்துவிடும். அதைத்தான் தந்தையார் செய்கிறார். நாள்தோறும் பல தெருக்கள் சுற்றும் ஒருவருக்கு, எதிர்ப்பு எண்ணில் 0.01 குறைந்தாலும் தோளில் அதன் வேறுபாடு தெரியும். தெருவைச் செப்பனிட்டுத் தரும் ஊராட்சி, தள்ளுபவர்களின் உடல் வலிமையை மிச்சப்படுத்துகிறது என்பதற்கு இக்கணக்கே சான்று.

முடிவுரை

இதுவரை கண்டவற்றைத் தொகுத்துக் கூறுவோம். பொம்மைக் காரின் இயக்கத்தில் மூன்று வேறு செயல்கள் "உராய்வு" என்ற ஒரே பெயரில் வழங்குகின்றன. தரைக்கும் சக்கரத்துக்கும் இடையிலான பிடிப்பு ஒன்று. அது சக்கரத்தை உருளச் செய்கிறது. தானே ஓடும் காரை முன்னே தள்ளுகிறது. நழுவாதவரை ஆற்றலைத் தின்பதில்லை. அச்சின் தேய்ப்பு மற்றொன்று. கடினமான தரையில் காரை நிறுத்துவது பெரும்பாலும் இதுவே. எண்ணெயாலும் மெல்லிய அச்சாலும் பெரிய சக்கரத்தாலும் இதனைக் குறைக்கலாம். தரையின் நெகிழ்வு மூன்றாவது. துணியிலும் மணலிலும் காரை நிறுத்துவது இது. எண்ணெய்க்கு இது கட்டுப்படாது.

இச்சோதனைகளை விடுதி அறையிலோ வீட்டு முற்றத்திலோ எவரும் ஒரு மாலைப் பொழுதில் செய்து முடிக்கலாம். ஒவ்வொரு தளத்துக்கும் ஐந்து முறை ஓடவிட்டுச் சராசரி எடுப்பது நல்லது. தளத்தின் பெயர், சறுக்கு உராய்வுக் குணகம், எண்ணெய்க்கு முன் எதிர்ப்பு எண், எண்ணெய்க்குப் பின் எதிர்ப்பு எண் என்று நான்கு கட்டங்கள் கொண்ட அட்டவணை ஒன்று போதும். அட்டவணை நிரம்பியபின், தம்பி தங்கையர் நம்மிடம் வந்து "இந்தக் கார் ஏன் நின்றது?" என்று கேட்டால், "உராய்வு" என்று ஒரு சொல்லில் முடித்துவிடாமல், காரைக் கவிழ்த்துச் சக்கரத்தைச் சுண்டிக் காட்டி விளக்கத் தொடங்குவோமாக.